தோழர்களே, அந்த ஆறு ஆண்டுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

சென்னையின் தொழிற்சங்கத் தலைமைகளுக்கும், இடதுசாரி இயக்க வரலாறு எழுதும் தோழர்களுக்கும் வணக்கம்.

ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கியின் வழியில் நின்ற இந்திய போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சி 1942இல் தொடங்கி, 1948இல் சோஷலிஸ்ட் கட்சியில் கரைந்துபோனது. உங்கள் ஆண்டு மலர்களில் அதைப் பற்றி ஒரு வரி கிடைத்தாலே அதிகம். அந்த ஒரு வரியும் பெரும்பாலும் ஏசலாகவே இருக்கிறது.

அதன் தொடக்கக் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. இரண்டு நாள் கழித்து, கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து, இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் நால்வர் தப்பினார்கள். பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட காவலரும் கூடவே கிளம்பிவிட்டார்! அப்புறம் அவர்களில் சிலரும் வேறு தோழர்களும் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறித் தமிழகக் கரைக்கு வந்தார்கள். கள்ளத்தோணி என்று மலையகத் தமிழரை ஏசிய நாட்டிலிருந்து, சிங்களத் தலைவர்கள் கள்ளத்தோணியில் இந்தியாவுக்கு வந்தது பலருக்கும் தெரியாது.

இங்கே கல்கத்தா, பம்பாய், ஐக்கிய மாகாணம் என்று சிதறிக் கிடந்த ட்ராட்ஸ்கியக் குழுக்களோடு சேர்ந்து கட்டியதுதான் இந்தக் கட்சி. அந்த ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்தபோது, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, சோவியத்தும் சேர்ந்து நடத்தும் உலகப் போர் இது, மக்கள் யுத்தம் என்று சொல்லி ஒதுங்கி நின்றது. இவர்களோ போராட்டத்தோடு நின்றார்கள். அடுத்த ஆண்டே பிலிப்பும் என்.எம்.மும் பம்பாயில் பிடிபட்டார்கள். உங்கள் நூல்களில் இந்தப் பக்கம் மெல்லியதாக இருப்பதற்கு, அன்று இரு கட்சிகளும் எதிரெதிராக நின்றதே காரணம் என்று நினைக்கிறேன். அந்த மக்கள் யுத்த நிலைப்பாட்டைப் பிறகு நீங்களே விமர்சித்துக்கொண்டீர்கள். சரி, அதே நேரத்தில் மாற்று நிலை எடுத்த கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று எழுத ஏன் இவ்வளவு தயக்கம்?

சென்னைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்காரரான எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை இந்தக் கட்சியின் ஆள். வாடியாவும் திரு.வி.க.வும் வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு 1946இல் அவர் தலைவரானார். 1947இல் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள் ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாகாணத்தை அப்போது ஆண்டது காங்கிரஸ்தான். அந்தோணிப் பிள்ளையைச் சிறையில் வைத்ததும் அந்த அரசுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தனை நாள் கூலியில்லாமல் எப்படித் தாக்குப்பிடித்தன, யார் அரிசி கொடுத்தார்கள், பெண்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தனி நூலாக வேண்டிய விஷயம். பின்னாளில், 1957இல், வடசென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கட்சியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லவில்லை. கோட்பாட்டுச் சண்டையிலேயே பாதித் தெம்பைச் செலவழித்தவர்கள் அவர்கள். 1948இல் சோஷலிஸ்ட் கட்சிக்குள் போனது, என் கணக்கில், தற்கொலை. பெரிய கட்சியைத் தங்கள் பக்கம் இழுக்கப் போனவர்கள் அடையாளமே இல்லாமல் போனார்கள். இதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இனி கோரிக்கை. பி அண்ட் சி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள். கட்டடம்தான் போய்விட்டது, காகிதமாவது மிஞ்சட்டும். உங்கள் சங்க அலுவலக அலமாரிகளில் 1940களின் தீர்மானப் புத்தகங்கள், துண்டறிக்கைகள், சந்தா ரசீதுகள் இருந்தால் கரையான் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் பேசிப் பாருங்கள். எந்தக் கட்சியின் நோட்டீஸ் என்று பார்த்துக் கழித்துக்கட்டாமல், கட்டோடு அப்படியே கொடுங்கள்.