மெரினா நடைபாதையில் நாய்களுக்கு ஆறு தண்ணீர்த் தொட்டிகள்: நன்கொடை வேண்டுகோள்

மெரினாவில் காலையும் மாலையும் நடக்கும் நண்பர்களுக்கும், நாய் வளர்ப்பவர்களுக்கும், நாயைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்களுக்கும் எங்கள் நடைக் குழுவின் வணக்கம்.

போன மே மாதம் ஒரு நாள் காலை. மணி ஏழரைகூட ஆகவில்லை. நேப்பியர் பாலத்துப் பக்கம் தொடங்கி, கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். கூடவே என் லாப்ரடார் மைனா. எட்டு வயது. கண்ணகி சிலையைத் தாண்டியதும் அவள் நடை தளர்ந்தது. நாக்கு அகலமாக விரிந்து தொங்கியது, எச்சில் நூல் நூலாக ஒழுகியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கயிற்றை இழுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. இன்னும் பத்தடி வந்திருப்பாள், பின்னங்கால் மடங்கிச் சரிந்துவிட்டாள். ஈறு செக்கச் செவேல் என்று இருந்தது. கூப்பிட்டால் கண் என் பக்கம் திரும்பவில்லை.

ஓரமாக அருகம்புல் சாறு விற்றுக்கொண்டிருந்த அம்மா தன் குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் பதற்றத்தில் அவள் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். “வாயில ஊத்தாதப்பா, பொரையேறிடும். வயித்துல ஊத்து, தொடை இடுக்குல ஊத்து” என்று சொல்லிக்கொண்டே அவரே ஊற்றினார். நடந்துகொண்டிருந்த ஒருவர் செய்தித்தாளை மடித்து விசிறினார். கால் மணி நேரம் கழித்துத்தான் மைனா தலையைத் தூக்கினாள். வண்டி வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது, வழியிலேயே உடம்பைக் குளிர வைத்ததால்தான் பிழைத்தாள் என்றார் அவர். அந்தக் குடத்தில் இருந்தது அந்த அம்மாவின் அன்றைய வியாபாரத்துக்கான தண்ணீர். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

மறுநாள் அதே பாதையில் மைனா இல்லாமல் நடந்து பார்த்தேன். சுமார் 3 கிலோமீட்டர். ஒரு நாய் குனிந்து தண்ணீர் குடிக்க ஓர் இடம்கூட என் கண்ணில் படவில்லை. அன்றைக்குத்தான் இந்தத் திட்டத்தைப் பற்றி எங்கள் குழுவில் முதன்முதலாகப் பேசினோம்.

காலை வாக்கிங்தானே, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மெரினா கிழக்கு பார்த்த கரை. தெருவில் நடந்தால் எட்டு மணி வரை ஏதாவது ஒரு வீட்டு நிழல் விழும். இங்கே சூரியனுக்கும் நடைபாதைக்கும் நடுவில் கடல்தான் இருக்கிறது. மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் உதித்துவிடும், உதித்த நிமிடத்திலிருந்து வெயில் நேரே கல்லில் விழும். கடற்காற்று இருக்கிறதே என்று சொல்லலாம். கோடையில் அது நண்பகலை ஒட்டித்தான் கரையேறும், சில நாள் பிற்பகல்கூட ஆகிவிடும். அதுவரை காற்று மேற்கே நிலத்திலிருந்து வருகிறது, வறண்டு, சூடாக. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாட்களில் கடற்காற்று நேரத்துக்கு எட்டிப் பார்ப்பதே இல்லை. மாலையில் வரலாம் என்றால், பகல் முழுக்கக் காய்ந்த கல், சூரியன் இறங்கிய பிறகும் ரொம்ப நேரம் சூட்டை விடாது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை என்று சொல்லத்தக்கது பாதத்துச் சதையில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மற்றபடி அது மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்க வேண்டும். வாயிலிருந்தும் நாக்கிலிருந்தும் ஈரம் ஆவியாகப் போனால்தான் சூடு இறங்கும். அந்த ஈரத்துக்குத் தண்ணீர் வேண்டும். நாயின் இயல்பான உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவில் இரண்டு டிகிரிதான் இடைவெளி. போதாததற்கு அதன் முகமும் வயிறும் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. நாம் செருப்புப் போட்டு ஐந்தடி உயரத்தில் நடக்கும்போது நமக்குத் தெரியாத வெக்கையில் அது நடக்கிறது. காற்றில் 31 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொடும். காமராஜர் சாலையைக் கடந்துதானே நடைபாதைக்கே வருகிறோம்? புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத இடத்தில் நாயை நடத்தாதீர்கள்.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். மூச்சுக்குழல் நெருக்கத்தால் அவற்றுக்குச் சரியாக இரைக்கவே வராது. நம் ஊர்க் கன்னி, சிப்பிப்பாறை வகைகள் ஒல்லி உடம்பும் குட்டை முடியும் உள்ளவை, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் நாய் எதுவும் இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. தாகம் எடுத்த நாய் கயிற்றை உருவிக்கொண்டு கடலுக்கு ஓடுகிறது. நாலு வாய் உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தி, பேதி. இன்னும் அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். கரையிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள் கடலில் வாய் வைக்காமல், கடை ஓரத்துப் பள்ளத்தில் தேங்கிய நீரைத் தேடிப் போகின்றன. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. அது நாயோடு நிற்காமல் மனிதருக்கும் வரும்.

வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய காரியம் அல்ல. நாவுக்கரசரை நேரில் காண்பதற்கு முன்பே திங்களூரில் அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அப்பூதி அடிகள். பெரியவர்கள் எண்ணிச் சொன்ன முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப் பந்தலும் உண்டு, விலங்குக்கு உணவும் உண்டு, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள வழியோரம் நட்டு வைக்கும் கல்கூட உண்டு. எங்கள் பாட்டி வீட்டு வாசலில் கழனித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் யார் வீட்டு மாடு குடித்தது, எந்தத் தெரு நாய் குடித்தது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

சரி, நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

உழைப்பாளர் சிலை, கண்ணகி சிலை, விவேகானந்தர் இல்லத்தின் எதிர்ப்புறம், காந்தி சிலைப் பக்கம், கலங்கரை விளக்கம் ஆகிய ஐந்து இடங்களிலும், நேப்பியர் பாலத்தை ஒட்டி நடைபாதை தொடங்கும் இடத்திலும், ஆகமொத்தம் ஆறு தொட்டிகள். விவேகானந்தர் இல்லத்துக்கு நேரே ஒன்று வேண்டும் என்று நான் கொஞ்சம் பிடிவாதமாகவே கேட்டேன். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டிடம் அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அதனால்தான் வந்தது. இந்த ஊர் வெயிலுக்குக் குளிர்ச்சி தேடிக் கடல் கடந்து போன இடத்தின் எதிரில், ஒரு நாய்க்கு வாய் நனையத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொட்டிகள் சிமென்டில் செய்த வட்டத் தொட்டிகள். குட்டிகள் விழுந்தால் ஏறி வர, அரையடிக்கு மேல் ஆழம் கிடையாது. இரண்டு தொட்டிகளை ஏற்கெனவே வைத்துவிட்டோம். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற நான்கையும், மாநகராட்சிக்கு நாங்கள் கொடுத்த மனுவுக்கு எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான் வைப்போம்.

தொட்டி வைப்பது சுலபம். அதைத் தினமும் சுத்தமாக வைத்திருப்பதுதான் வேலை, பணம் பெரும்பாலும் போகப் போவதும் அதற்குத்தான். தண்ணீரை மாற்றாமல் விட்டால் பாசி பிடிக்கும், கொசுப் புழு வைக்கும், ஒரு நாயின் நோய் அடுத்த நாய்க்குப் போகும். அப்படிப்பட்ட தொட்டி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். ஆகவே ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறோம். திருவல்லிக்கேணியில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இலவசமாகத் தருகிறார். காலை ஐந்து மணிக்குக் கேன்களில் நிரப்பி, மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஏற்றி, ஆறு தொட்டிகளிலும் பழைய நீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ஒரு சுற்று. இந்த வேலைக்கு மாதம் 9,000 ரூபாய் பேசியிருக்கிறோம். இதை உறுப்பினர்களே முறை வைத்துச் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். முதல் இரண்டு தொட்டிகளுக்கு அப்படித்தான் செய்து பார்த்தோம். மழை நாளிலும் பண்டிகை நாளிலும் யாரும் வரவில்லை. தாகத்துக்கு விடுமுறை கிடையாது.

இதோடு மூன்று சிறு காரியங்களும் உண்டு. நாயின் கழிவை எடுத்துப் போட மூடியுள்ள குப்பைத் தொட்டிகள்: கொக்கிப்புழுவின் முட்டை அதில்தான் இருக்கும், வெறுங்காலோடு மணலில் விளையாடும் குழந்தையின் தோல் வழியாகப் புழு உள்ளே போகும். வெயில் நேரத்தையும் முதலுதவியையும் தமிழில் எழுதிய பலகைகள். கரையிலேயே வாழும் நாய்களில் நாற்பதுக்கு, கால்நடை மருத்துவர் உதவியோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசி.

நாய்களால் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது, கடிபட்டவருக்குத்தான் அதன் வலி தெரியும். தண்ணீர் வைத்தால் நாய் கூடும் என்று கவலைப்படுகிறீர்கள். அதனால் தொட்டிகளை உட்காரும் இடங்களிலிருந்து தள்ளி, நடைபாதையின் ஓரத்தில்தான் வைக்கிறோம். அங்கே உணவு போடுவதில்லை, யாரையும் போட விடுவதுமில்லை. குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் தெரு நாய்களுக்கு உணவிட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் நாற்பது ஊசி அந்த வழியில் ஒரு தொடக்கம். அது முதலில் காப்பாற்றப் போவது நடைபாதையில் போகும் மனிதரை.

நாய் வளர்ப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறோம். கயிறு இல்லாமல் கொண்டுவராதீர்கள். முக்கியமாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை மணலில் அவிழ்த்து விடாதீர்கள். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் அது. நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஒரு குழியில் இருக்கும் நூறு முட்டையும் போய்விடும். 1988 முதல் இதே சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவரும் மாணவர்களின் உழைப்பை நம் நாய் கெடுக்கக் கூடாது.

இனி கணக்கு. ஓர் ஆண்டுக்கு மொத்தம் 1,66,000 ரூபாய் வேண்டும். இதில் சம்பளம் மட்டும் 1,08,000. பழைய மீன்பாடி வண்டி ஒன்றை வாங்கிச் சரிசெய்ய 14,000, தடுப்பூசிக்கு 14,000. மீதி 30,000 தொட்டி, கேன், குப்பைத் தொட்டி, பலகை, துடைக்கும் சாமான்களுக்கு. உறுப்பினர்கள் போட்டதும் நண்பர்கள் கொடுத்ததுமாகக் கையில் 41,500 இருக்கிறது. இன்னும் 1,24,500 வேண்டும். மார்ச் மாதத்துக்குள் சேர்ந்தால்தான் இந்தக் கோடைக்குப் பயன்படும்.

300 ரூபாய் கொடுத்தால் ஒரு நாள் ஆறு தொட்டிகளும் கழுவி நிரம்பும். பிறந்த நாளுக்கோ, அப்பா அம்மா திதிக்கோ, நீங்கள் வளர்த்து இழந்த நாயின் நினைவாகவோ ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளன்று வண்டியில் உங்கள் பெயரைச் சிலேட்டில் எழுதி மாட்டுவோம். முந்நூறு முடியாதவர்கள் முப்பது கொடுத்தாலும் அதே நன்றியோடு வாங்கிக்கொள்வோம். காசுக்குப் பதில் நல்ல நிலையில் உள்ள 25 லிட்டர் கேன் கொடுக்கலாம், பன்னிரண்டு தேவைப்படுகிறது.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாங்கள் வரிவிலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல, ஆகவே 80ஜி ரசீது தர இயலாது. சாதாரண ரசீதுதான் தருவோம். வெளிநாட்டு நிதி பெறும் பதிவும் எங்களுக்கு இல்லை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட சொந்தங்கள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம், இங்கே உள்ள உறவினர்களிடம் இந்தச் செய்தியைச் சொன்னால் போதும்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே எங்கள் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வரவு செலவு நோட்டும் அவரிடமே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டுக் கோடைக்கு அப்படியே வைப்போம், குறைந்தால் முதலில் பலகைகளை விடுவோம், சம்பளத்தைத் தொட மாட்டோம்.

மைனாவும் வருவாள். இப்போதெல்லாம் உழைப்பாளர் சிலையோடு திரும்பிவிடுகிறாள், அதற்கு மேல் நான் கூட்டிப் போவதில்லை. அங்கே முதல் தொட்டி இருக்கிறது. அருகம்புல் சாறு அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
மெரினா காலை நடைக் குழு உறுப்பினர்கள் சார்பில்