தண்ணியில ஓடுற காடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க ஊர் ஒட்டுக்கடையில தீபாவளிக்கு முன்ன இருந்து ஒரே பேச்சு, தண்ணி ஊத்துனா காடி ஓடுமாம், பெட்ரோலே வேணாமாம். இத நம்பி எங்க மச்சான் 600 வெள்ளி குடுத்து ஒரு செட் வாங்கி மாட்டிட்டாரு. ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ள நாலு ஸ்டீல் தகடு, சோடா மாவு கலந்த தண்ணி, ஒரு டியூப், அம்புட்டுதான், கொப்புளம் வரும்போது பாக்க ஜோராத்தான் இருக்கும். ரெண்டு மாசம் பெட்ரோல் கணக்க நானே எழுதி வச்சேன், ஒரு சென் குறையல. எப்படிக் குறையும்? தண்ணியில இருந்து ஹைட்ரஜன் வாயுவப் பிரிக்க கரண்ட் பேட்டரில இருந்து போகுது, பேட்டரிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது, ஆல்டர்னேட்டர இன்ஜின் சுத்துது, இன்ஜின் பெட்ரோல குடிக்குது!

நான் செம்பனை மில்லுல பாய்லர் பக்கம் 31 வருஷம் இருந்தவன். செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிஞ்சா சாம்பல், ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணி, அதனால தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கறதுங்கறது சாம்பல மறுபடி ஓடாக்குற வேலை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணி போதும், ஆனா கரண்ட் 50, 55 யூனிட் வேணும். அந்த கிலோவ எரிபொருள் செல்லுல விட்டு மறுபடி கரண்டாக்குனா 20 யூனிட் கைக்கு வந்தாலே பெருசு. நடுவுல அத 700 பார் அழுத்தத்துல டாங்கில அமுக்கணும், இல்லன்னா மைனஸ் 253 டிகிரிக்கு குளிர வச்சு திரவமாக்கணும், அதுக்கும் கரண்ட்தான்.

கடல் தண்ணி சும்மாத்தானே கெடக்குன்னு சொல்றவங்களுக்கு எங்க பேத்தி பதில் சொல்லிட்டா. பள்ளிக்கூட புரோஜெக்டுக்கு உப்புத் தண்ணியில 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு பென்சிலும் வச்சா, கொஞ்ச நேரத்துல "தாத்தா, ஸ்விம்மிங் பூல் வாடை அடிக்குது"ன்னா. குளோரின்! அது தகட்ட தின்னுடும், அதனால தண்ணிய நல்லா சுத்தம் பண்ணித்தான் விடணும். பாய்லர் தண்ணிக்கே நாங்க என்ன பாடு பட்டோம்னு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சுத்தம் பண்ற செலவு சின்னது, கரண்டுதான் ஆள முழுங்கும். தண்ணிய பிரிக்கற சில மெஷினுக்கு இரிடியம்ங்கற அபூர்வ உலோகம் வேற வேணும், அது உலகம் பூரா வருஷத்துக்கு பத்து டன்கூட கிடைக்காது.

நான் ஹைட்ரஜனுக்கு எதிரி இல்லீங்க. நம்ம மலேசியாவுல சரவாக் மாநிலத்துல ஆத்து அணை கரண்ட் இருக்கு, பாக்குன் அணை ஒண்ணே 2,400 மெகாவாட், கூச்சிங்ல 2019லயே தண்ணிய பிரிச்சு பஸ்ஸுக்கு ஊத்த ஆரம்பிச்சாங்க, அங்க அதுல ஞாயம் இருக்கு. நம்ம தீபகற்பத்துல நிலக்கரியும் கேஸும் எரிச்சு வர்ற கரண்ட்ல தண்ணிய பிரிச்சா புகை எடம் மாறுது, அவ்வளவுதான். அதனால உங்க பத்திரிகையில ஹைட்ரஜன் சேதி போடும்போது எத்தன யூனிட், எங்க இருந்து வந்த கரண்ட்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க.

மச்சான் செட்ட கழட்டிட்டாரு, வித்த ஆளு இப்ப போன் எடுக்கறதில்ல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர்மேன்,
சுங்கை சிப்புட்