நரைக்கு எந்தச் சாயம்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. எனக்கு மூட்டுவலி எவ்வளவோ தேவலை. காலை நடையை விடவில்லை.

நரைக்கு எந்தச் சாயம் பூசலாம் என்று கேட்டிருக்கிறாய். அப்படியே விட்டால் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்குக் கறுப்பு முடி பிடித்திருக்கிறது, அது போதும். ஆனால் 'அம்மோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதே. முடியின் மேற்செதில்களைத் திறந்து சாயத்தை உள்ளே விடுவதுதான் அம்மோனியாவின் வேலை. அது இல்லாத டப்பாவில் அந்த வேலையை வேறொரு பொருள் செய்கிறது. நெடி குறையும், அவ்வளவே.

நீ பார்க்க வேண்டியது பி.பி.டி., அதாவது பாராஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள். நிரந்தரச் சாயங்களில், அதிலும் அடர்ந்த நிறங்களில், பெரும்பாலும் இதுதான் இருக்கும். சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு கரைசலுடன் சேர்ந்து முடிக்குள்ளேயே நிறமாக மாறிவிடுவதால்தான் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அது போவதில்லை. ஒவ்வாமைக்குப் பெயர்போனதும் இதுவே.

அன்று கையில் கறுப்பு மருதாணி வரைந்துகொண்டாயே, நினைவிருக்கிறதா? சில நாளில் கோடு போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்து, கொடியும் பூவுமாக அப்படியே கொப்புளம் எழுந்தது. மருதாணி இலை செம்மஞ்சள் நிறம்தான் தரும். அதைக் கறுப்பாக்க பி.பி.டி. கலப்பது வழக்கம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது. அடுத்த முறை தலையில் பூசினால் முகமும் கண் இமையும் வீங்கக்கூடும். ஆகவே உனக்கு நிரந்தரச் சாயம் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்க்கும் சோதனையும் உனக்குப் போதாது. தோல் மருத்துவரிடம் அந்தக் கொப்புளத்தைப் பற்றிச் சொல்லி, அவரையே சோதிக்கச் சொல்.

பெராக்சைடு சேர்க்காத தற்காலிகச் சாயங்கள் ஏழெட்டுக் குளியலில் வெளுத்துவிடும். அடர்ந்த நரையை முழுதாக மூடவும் செய்யாது. சற்றுக் கூடுதலாக நிற்கும் நடுத்தர வகைகளில் பி.பி.டி.யோ அதன் உறவுப் பொருளோ பல நேரம் இருக்கிறது.

மருத்துவர் சரி என்றால் மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலையும்தான் என் தேர்வு. முதலில் மருதாணியைத் தலையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு அலசு. பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, தாமதிக்காமல் பூசு. வைத்திருந்தால் வீரியம் போய்விடும். முதல் நாள் பச்சை சாயலாகத் தெரிந்தால் பதறாதே, ஓரிரு நாளில் கறுக்கும். அரைநாள் வேலைதான், மறுக்கவில்லை. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக வாங்கு. ஒவ்வொன்றிலும் இலைப்பொடியைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது.

வாங்கியதும் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. நான் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகு பிரி. பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
உன் பழைய தோழி