கறுப்பு அச்சில் வராது என்பது பொய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் நாளிதழின் முதல் பக்கமே துணிக்கடை விளம்பரமாகிவிடுகிறது. கடை தியாகராய நகரில் இருந்தாலும் புரசைவாக்கத்தில் இருந்தாலும், பட்டுச்சேலை கட்டி நடுவில் நிற்கும் பெண்ணின் நிறம் மட்டும் மாறுவதே இல்லை. அந்தச் சேலையை வாங்க உஸ்மான் சாலை நெரிசலில் பை தூக்கி நடக்கும் பெண்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது கறுப்பு. அவர்களைப் போன்ற ஒரு முகம் அந்தப் பக்கத்தில் ஏன் இல்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "கடைக்காரர் நல்ல கலரா இருக்கிற பொண்ணுதான் கேட்கிறார்" என்பது ஒன்று. "கறுப்பு கேமராவுக்கு எடுக்காது, பேப்பரில் அடித்தால் வராது" என்பது மற்றொன்று. முதலாவது பாகுபாடு; அதை அப்படியே பெயர் சொல்லி எதிர்க்கலாம். இரண்டாவது தொழில் அறிவு போல வேடம் போட்டு வருவதால், பலர் நம்பிவிடுகிறார்கள். விளம்பரப் படம் எடுப்பவர்கள், ஒப்பனை செய்பவர்கள், படத்தைக் கணினியில் சரிசெய்து அச்சுக்கு அனுப்புபவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. அந்த இரண்டாவது பதில் உண்மையல்ல என்பதை வேலை வாரியாகச் சொல்கிறோம்.

வேலை தொடங்குவது, விளம்பரத்துக்கு மாடல்களைத் தேடித் தரும் கோஆர்டினேட்டர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில். "ஃபேர் ஸ்கின் மஸ்ட்", "நார்த் இந்தியன் லுக்" என்று முதல் வரியிலேயே வரும். உயரம், ரவிக்கை அளவு, தேதி, சம்பளம் எல்லாம் அதற்குக் கீழே. கறுத்த பெண்கள் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்குக் கிடைப்பது கிராமத்துப் பெண் வேடம், அரசுத் திட்ட விளம்பரம், சோப்புத்தூள் விளம்பரத்தில் பக்கத்து வீட்டுக்காரி. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டாகச் சொல்வார்கள். அந்த 'இருந்தாலும்' வேலையைப் பறித்துவிடுகிறது. முகக்களை என்பது நிறத்துக்கு அப்பாற்பட்டது என்று நம் மொழிக்கே தெரியும். கோஆர்டினேட்டர் செய்ய வேண்டியது சிறிது: செய்தியிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு, எல்லோரிடமும் ஒரே மாதிரிப் படம் கேட்பது. ஜன்னல் வெளிச்சத்தில், பவுடர் இல்லாமல், செல்போனின் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, பின்கேமராவில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன்கேமராவின் தானியங்கி மெருகு பல போன்களில் தோலை வெளுப்பாக்கிவிடுகிறது. அந்தப் படத்தை நம்பித் தேர்வு செய்துவிட்டுப் படப்பிடிப்பு நாளில் "போட்டோவில் கலரா இருந்தாங்களே" என்று முகம் சுளிப்பது நியாயமில்லை.

அடுத்தது கேமரா. வெளிறிய தோலுக்கும் கருந்தோலுக்கும் இடையே ஒளியைத் திருப்பித் தருவதில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் 12 ஸ்டாப்புக்கு மேல் பதிவு செய்கின்றன. வெள்ளை வேட்டியையும் அதன் கறுப்புக் கரையையும் ஒரே படத்தில் பிடிக்கும் கேமராவுக்கு ஒரு பெண்ணின் முகம் எப்படிக் கஷ்டமாகும்? தவறு நடப்பது அளவெடுப்பதில். கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் மீட்டர் எதிரில் உள்ளதை நடுத்தரச் சாம்பலாக, அதாவது 18% ஒளி திருப்பும் பரப்பாக, எடுத்துக்கொள்கிறது. வெள்ளைத் திரைக்கு முன் கறுத்த பெண்ணை நிறுத்தினால் திரையின் வெளிச்சத்தைப் பார்த்து அது படத்தையே இருட்டாக்கிவிடும். முகத்தருகே கையடக்க மீட்டரை வைத்து, விழும் ஒளியை அளந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

பட்டுச்சேலையில் இன்னொரு சங்கடம் உண்டு. ஜரிகை கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கும். ஜரிகை வெளுத்துவிடக் கூடாது என்று ஒளியைக் குறைத்தால் முகம் இருண்டுபோகும். கடையின் கவனம் முழுதும் சேலையில் இருப்பதால் முகத்தைப் பலி கொடுத்துவிட்டு, "பார்த்தீங்களா, கறுப்பு எடுக்கலை" என்பார்கள். தீர்வு பழையது: முகத்துக்குத் தனி விளக்கு, மார்புக்குக் கீழே விழும் ஒளியைக் கறுப்பு வலைத்துணியால் ஒரு ஸ்டாப் வெட்டுவது. கருந்தோல் அழகாகத் தெரிவது அதன் மீது படரும் மினுக்கத்தால். எனவே சின்ன விளக்கை நேராக அடிக்காமல், விளக்கொளியை மென்மையாக்கும் நான்கடிக்கு ஆறடி சாஃப்ட்பாக்ஸையோ பெரிய தெர்மாகோல் பலகையையோ 45 டிகிரி பக்கவாட்டில் வைத்தால், கன்னத்திலும் மூக்கின் மேலும் நீளமான மென்மையான ஒளிக்கோடு விழும். வெவ்வேறு நிறத்தில் இருவரை ஒரே படத்தில் நிறுத்தும்போது கறுத்தவரை விளக்குக்கு அருகில் நிறுத்த வேண்டும். விளக்கிலிருந்து எட்டடியில் இருப்பவரை ஐந்தே முக்கால் அடிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் ஒளி கூடும். செலவு ஒன்றுமில்லை, இரண்டு எட்டு நடந்தால் போதும்.

கேமரா மீது பழி போடும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் ஒப்பிட அனுப்பிய 'ஷெர்லி கார்டு' அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். கருந்தோலின் நுணுக்கங்கள் வராததைப் பற்றி வீட்டுப் படங்கள் எடுத்தவர்கள் புலம்பினார்கள்; ஆனால் சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் வேறுபாடு தெரியாமல் வருகின்றன என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலையில் வேகம் பிறந்தது. மனிதர்களுக்காக நடக்காத திருத்தம் மேசை நாற்காலிக்காக நடந்தது என்பதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. அந்தத் திருத்தமும் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாக்கு மட்டும் இங்கே உயிரோடிருக்கிறது.

ஒப்பனைப் பெட்டியைத் திறந்தால் வெளிர் நிற ஃபவுண்டேஷன் நாலைந்து இருக்கும், ஆழ்ந்த பழுப்பு ஒன்றுகூட இருக்காது. 2017இல் ஃபென்ட்டி பியூட்டி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் முதல் நாளிலேயே 40 ஷேடுகளோடு வந்த பிறகு பல நிறுவனங்கள் ஆழ்ந்த நிறங்களைக் கூட்டின. ஆக, இன்று பொருள் கிடைப்பது பெரிய பிரச்சினையில்லை. வெளிர் ஷேடைக் கறுத்த முகத்தில் பூசினால் அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி சாம்பல் பூத்த மாதிரி காட்டும். ஃப்ளாஷ் அடித்தால் இன்னும் மோசம். ஷேடை மணிக்கட்டில் பார்க்கக் கூடாது, தாடையோரத்தில் தடவிக் கழுத்தோடும் தோள்பட்டையோடும் ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் பெண்களின் தோலில் மஞ்சளோ செம்பழுப்போ உள்ளோட்டமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு ஷேடுகளைக் கலந்தால்தான் பொருந்தும். கண்ணடிக் கருமைக்கு முதலில் ஆரஞ்சு கரெக்டர், பிறகுதான் கன்சீலர். வெள்ளை லூஸ் பவுடரை அறவே தவிர்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்த பிறகும் கணினியில் காரியம் கெடுகிறது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் 'லூமினன்ஸை' வலப்பக்கம் இழுத்தால் தோல் வெளுத்துவிடும். பத்து விநாடி வேலை. கடைக்காரர் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். முகத்துக்கு மட்டும் செய்திருந்தால் காது மடல், விரல் முட்டி, பாதம் எல்லாம் பழைய நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். படம் முழுமைக்கும் செய்தால் சேலையே நிறம் மாறும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் தோலுக்கு அருகிலுள்ள நிறங்கள். தோலை வெளுக்கும்போது அவையும் சேர்ந்து வெளுக்கும். பேப்பரில் பார்த்த அரக்கு கடையில் இல்லையே என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வியாபாரக் கணக்கு பார்த்தாலும் இது நஷ்டம்தான்.

இனி தங்கள் அலுவலகத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். அச்சில் படம் சிறுசிறு மைப் புள்ளிகளால் ஆனது. நாளிதழ் அச்சாகும் தாளான நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும், புள்ளி பரவும். கோப்பில் 50 சதவீதமாக உள்ள புள்ளி பத்திரிகைத் தாளில் 76 சதவீதம் அளவுக்குத் தடித்து விழும். வெளிர் முகத்தில் அது உறுத்தாது. கறுத்த முகத்திலோ கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள நிழல், மூக்கின் ஓரம், உதட்டுக் கோடு எல்லாம் ஒன்றாக அடைத்துக் கரியாகிவிடும். ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த கோப்பையே நாளிதழுக்கும் அனுப்புவதுதான் இங்கே வழக்கம். ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால், வழவழப்பான ஆர்ட் பேப்பர் 300 வரை தாங்கும். நியூஸ்பிரிண்டுக்கு 240 தாண்டக் கூடாது. முகம் கரியாக வந்ததும் அடுத்த மாதமே சிவப்பான பெண்ணுக்கு மாறிவிடுவார்கள். பிழை கோப்பில், தண்டனை அந்தப் பெண்ணுக்கு. கோப்பை நியூஸ்பிரிண்ட் புரொஃபைலுக்கு (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்ற கணினிக் குறிப்புக்கு) மாற்றி, இடைநிறங்களை மட்டும் மென்பொருளின் 'கர்வ்ஸ்' வளைகோட்டில் தளர்த்தி, தோலிலுள்ள கறுப்பு மையைக் குறைத்து அந்த இடத்தை சயான், மெஜந்தா, மஞ்சளால் கட்டினால், கறுப்பு கறுப்பாகவே தெளிவாக வரும். இது தோலை வெளுப்பதல்ல, தாள் செய்யும் பிழையை ஈடுகட்டுவது.

சட்டத்தின் துணை குறைவு. அரசமைப்பின் 15ஆம் பிரிவில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் உண்டு. தோல் நிறம் என்ற சொல் இல்லை. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2014இல் வகுத்த நெறிகள், கறுத்தவர்களைச் சோகமானவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்கின்றன; ஆனால் அவை சிவப்பழகுப் பொருள்களின் விளம்பரங்களுக்கானவை. சேலை விளம்பரத்துக்கு யாரைத் தேர்வு செய்தார்கள் என்று அவை கேட்பதில்லை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009இல் தொடங்கியது நம் சென்னையில்தான் என்பதை இங்குள்ள கடைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

விளம்பரம் தருபவருக்கும் பத்திரிகைக்கும் இதில் எவ்வளவு வலு உண்டு என்பதற்கு 1988 ஒரு சான்று. ஃபேஷன் இதழான பிரெஞ்சு வோக்கின் அட்டையில் அதுவரை கறுப்பினப் பெண் எவரும் இடம்பெற்றதில்லை. ஆடை வடிவமைப்பாளர் இவ் செயின்ட் லாரன்ட் தன் விளம்பரங்களை நிறுத்திவிடுவதாக எச்சரித்த பிறகே தனக்கு அந்த அட்டை கிடைத்தது என்று மாடல் நவோமி கேம்ப்பெல் சொல்லியிருக்கிறார். 2013இல் முன்னாள் மாடல் பெத்தான் ஹார்டிசன் வேறு வழியில் போனார். நியூயார்க், லண்டன், பாரிஸ், மிலான் ஃபேஷன் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதி, மேடையில் கறுப்பின மாடல் ஒருவர்கூட இல்லாத, அல்லது பேருக்கு ஒருவரை மட்டும் நடக்கவிட்ட நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். எண்ணிக் காட்டியதால் யாராலும் மழுப்ப முடியவில்லை.

அதே எண்ணிக்கையைத் தங்கள் நாளிதழ் ஆடி முதல் தீபாவளி வரை செய்யலாம். துணி, நகை விளம்பரம் ஒவ்வொன்றிலும் பெண்கள் எத்தனை பேர், நடுவில் நிற்பவர் யார், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவர் யார் என்று இருவர் தனித்தனியே குறிக்கட்டும்; கருத்து வேறுபட்டவற்றைத் தனியே வைக்கட்டும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கையின் நிறத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள், ரீடச்சிங் அதில்தான் பிடிபடும். விளம்பரப் பிரிவு செய்ய வேண்டியது, கோப்பு வாங்கும்போதே தங்கள் அச்சகத்தின் புரொஃபைலைக் கொடுப்பதும், முகம் உள்ள விளம்பரங்களுக்கு நியூஸ்பிரிண்டில் ஒரு மாதிரி அச்சை முன்கூட்டியே கடைக்காரருக்குக் காட்டுவதும்.

சந்தேகம் இருந்தால் கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரே விளக்கு அமைப்பில் கறுப்பு, மாநிறம், சிவப்பு என மூன்று முகங்களை, ஃப்ளெக்ஸுக்குப் போகும் கோப்பிலிருந்து ஒரு வரிசையும் நியூஸ்பிரிண்டுக்குச் சரிசெய்த கோப்பிலிருந்து ஒரு வரிசையுமாக, மேலும் கீழும் அச்சடித்து வாசகர்களுக்குக் காட்டலாம். ஆறு கோப்புகளையும் கட்டணமின்றித் தயாரித்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
விளம்பரப் படக் கலைஞர்கள், ஒப்பனையாளர்கள், அச்சு வடிவமைப்பாளர்கள் சிலர்
வடபழனி, சென்னை