ஒரு டிரம் கிளிசரின் எங்கிருந்து வந்தது? மருந்து ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக நாடுகளின் மருந்து ஒழுங்குமுறை ஆணையங்களில் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம். மருந்துகளின் தரத்தைச் சோதிப்பதும் ஆலைகளைத் தணிக்கை செய்வதும் எங்கள் வேலை. நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று உங்களிடம் சொல்ல ஒரு மடல் தேவையில்லை. ஒப்பந்தங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் ஒரு நாட்டின் கோப்பில் இருக்கும் முக்கியமான வரி அடுத்த நாட்டு அதிகாரியின் கைக்கு வருவதில்லை. எங்கள் குறை அதுதான். அதை ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறோம்.

டை எத்திலீன் கிளைக்கால். நிறம் கிடையாது, கொழகொழவென்று இருக்கும், நாக்கில் இனிக்கும். பார்வைக்குக் கிளிசரினேதான். விலை மலிவு என்பதால், சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பெயர்களில் உள்ளே நுழைகிறது. குடித்தவரின் சிறுநீரகம் செயலிழக்கிறது. 1937இல் அமெரிக்காவில் இதையே கரைப்பானாக வைத்துத் தயாரித்த ஒரு மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டே அங்கே புதுச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1990களில் ஹைட்டி, 2006இல் பனாமா, 2008இல் நைஜீரியா, 2022இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் என்று பட்டியல் நீள்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

பனாமாவுக்குப் போன சரக்கு சீனாவில் புறப்பட்டு ஸ்பெயின் வழியாக வந்தது. வழியில் கை மாறிய ஒவ்வோர் இடத்திலும் காகிதம் மாறியது. தயாரித்தவரின் பெயர் மறைந்து விற்றவரின் பெயர் ஏறியது. டிரம்மைத் திறந்து சோதித்தவர் எவரும் இல்லை. பகுப்பாய்வுச் சான்றிதழ் என்று நாம் நம்பிக் கோப்பில் சேர்ப்பது பல நேரம் இப்படி நகலெடுத்த நகல்தான்.

சோதனையில் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிளிசரின் போன்ற மூலப்பொருளில் டை எத்திலீன் கிளைக்கால், அதைப் போலவே நச்சான எத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றுக்கு மருந்தியல் தரநூல்கள் வைத்திருக்கும் வரம்பு தலா 0.10 விழுக்காடு. அகச்சிவப்பு நிறமாலை மட்டும் எடுத்தால், முழுக்க மாற்றி வைத்த டிரம் சிக்கும். சில விழுக்காடு கலப்படம் தப்பிவிடும். அடர்த்தியும் ஒளிவிலகலும் தண்ணீர் கலந்தால் ஏமாற்றும். பல டிரம்களின் மாதிரியை ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்தால், கெட்ட டிரம் நல்லவற்றில் கரைந்து காணாமல் போகும். சிரப்பில் பாராசிட்டமால் அளவு சரியாக இருக்கிறதே என்று திருப்திப்படுவது எல்லாவற்றிலும் மோசம். கரைப்பான் எதுவானாலும் அந்த எண் சரியாகவே வரும். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகையில் ஏற்ற வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஆய்வகம் மென்படல நிறப்பிரிகையில் முதல் வடிகட்டலைச் செய்துகொள்ளலாம். அதற்குக் கண்ணாடித் தகடும் சில கரைப்பான்களும் போதும்.

இதெல்லாம் ஓர் ஆய்வகத்துக்குள் முடிகிற வேலை. நாடுகளுக்கிடையே நடக்க வேண்டியது வேறு.

1969 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நாடு, இந்த மருந்து தன் சந்தையில் விற்கிறதா, ஆலை தணிக்கைக்கு உட்பட்டதா என்று இறக்குமதி நாட்டுக்கு எழுதித் தருகிறது. உள்நாட்டில் அனுமதி இல்லையென்றால் காரணத்தை எழுதவும் அதில் இடம் உண்டு. 'ஏற்றுமதிக்கு மட்டும்' என்று அங்கே கண்டால், அதை வாங்குபவர் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். நடைமுறையில் முத்திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். கிளிசரின் போன்ற துணைப்பொருளை யார் விற்றார் என்பதற்கு அந்தச் சான்றிதழில் இடமே இல்லை.

பிற ஆணையத்தின் மதிப்பீட்டைச் சார்ந்து முடிவெடுப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம். முடிவு உங்களுடையதாகவே இருக்கும். உழைப்பு மட்டும் மிச்சமாகும். ஆனால் நீங்கள் சார்ந்திருக்கும் அறிக்கையில் மதிப்பிட்ட பொருளும் உங்கள் துறைமுகத்தில் இறங்கும் பொருளும் ஒன்றா என்று பாருங்கள். ஆலை வேறு, துணைப்பொருள் விற்பனையாளர் வேறு என்றால் அந்த அறிக்கை உங்களுக்குப் பொருந்தாது. பொதுவில் வெளியாகும் அறிக்கைகளில் கறுப்பு மை பூசி மறைப்பதும் பெரும்பாலும் இந்த விவரங்களைத்தான். 2013இல் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டுப் பதிவு முறையில், தயாரிப்பாளரின் ஒப்புதலோடு முழு அறிக்கையும் ஆணையங்களுக்குப் போகிறது. முடிவெடுக்க வைத்திருக்கும் இலக்கு 90 நாள். அந்த ஒப்புதல் கடிதத்தை விண்ணப்பத்தோடு கட்டாயமாகக் கேளுங்கள். கிளிசரின் விற்றவரின் பெயர் எந்தக் காலத்திலும் வணிக ரகசியம் ஆகக் கூடாது.

ஒத்துழைப்பு பலித்த இடமும் உண்டு. 2018இல் வால்சார்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரையில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ என்ற நைட்ரோசமீன் கண்டுபிடிக்கப்பட்டது. மூலமருந்தின் தயாரிப்பு முறையை மாற்றியபோது, டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானும் சோடியம் நைட்ரைட்டும் ஒரே செயல்முறைக்குள் வந்ததால் உருவான மாசு அது. வழக்கமான சோதனை அதைத் தேடவில்லை, அதனால் பார்க்கவும் இல்லை. பல ஆணையங்கள் தங்கள் சோதனை முறைகளைப் பொதுவில் வெளியிட்டதால் மற்ற ஆய்வகங்கள் புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

தணிக்கையில் இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. ஒருவர் தணிக்கையை மற்றவர் ஏற்பதற்காக ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 1998இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மருந்தாலைப் பகுதி நடைமுறைக்கு வர 2017 நவம்பர் ஆயிற்று. எல்லா உறுப்பு நாடுகளும் அதற்குள் வர 2019 ஜூலை. பெயர்பெற்ற ஒரு மாத்திரை ஆலைக்கு நாடு நாடாக வந்து அதே பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். கிளிசரினை மறுபொதி செய்யும் கிடங்குக்கு ஒருவரும் போவதில்லை. மிச்சமாகும் தணிக்கை நாட்களை அங்கே செலவிடுங்கள்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். அவை பெரும்பாலும் சிரப்பின் பெயரையும் தொகுதி எண்ணையும் சொல்கின்றன. அதே டிரம் வேறு ஆலைகளுக்கும் போயிருக்கலாம். ஆகவே மூலப்பொருளின் தொகுதி எண், முதலில் தயாரித்தவர், இடையில் பொதி மாற்றியவர், அதே தொகுதியை வாங்கிய மற்றவர்கள் ஆகிய விவரங்கள் 72 மணி நேரத்துக்குள் எல்லா ஆணையங்களுக்கும் போக வேண்டும் என்று கேட்கிறோம். இதற்கான ரகசியக் காப்பு உடன்படிக்கையை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். குழந்தைகள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கிய பிறகு சட்டப் பிரிவுக்குக் கோப்பு அனுப்பினால் வாரங்கள் ஓடிவிடும். தொடர்பு முகவரி பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். மாற்றலாகிப் போனவரின் பெட்டியில் கிடக்கும் எச்சரிக்கையை யார் திறப்பார்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஓர் ஒத்திகை நடத்துங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கற்பனையான ஒரு புரொப்பிலீன் கிளைக்கால் தொகுதி எண்ணை ஏதேனும் மூன்று ஆணையங்களுக்கு அனுப்பி, அது யார் யாரிடம் போனது என்று கேளுங்கள். பதில் எப்போது வந்தது, எந்த மேசையில் நின்றது என்பதை அந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள்.

இப்படிக்கு,
மருந்துத் தரச் சோதனையிலும் ஆலைத் தணிக்கையிலும் பணிபுரிவோர்