அந்த ஒரே பாத்திரத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயாவுக்கும் குருசேகரக் குழு அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

2020இல் கொரோனா வந்தபோது திருவிருந்தில் எல்லாரும் வரிசையாக வாய் வைத்துக் குடிக்கிற அந்த ஒரே பாத்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பியில் திராட்சரசம் கொடுக்க ஆரம்பித்தீர்கள். அன்றைக்கு அது சரி. அப்புறம் முகக்கவசம் போய்விட்டது, கைகுலுக்கல் திரும்பிவிட்டது, அன்பின் விருந்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறோம். பாத்திரம் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

"ரசம்தானே முக்கியம், எதில் குடித்தால் என்ன?" என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். எங்கள் தெருவுக்கு எதில் குடிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

தாராபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாரு கொட்டாங்குச்சியில் குடித்தார். அப்பா காலத்தில் அது தனி டம்ளர் ஆனது. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். என் காலத்தில் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்கு மட்டும் தூக்கிப் போடுகிற கப். கேட்டால், "சுத்தம் தம்பி, உங்களுக்குத்தான் நல்லது" என்பார் கடைக்காரர். சட்டத்திடம் போகலாம் என்றால் 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி குறுக்கே நிற்கிறது. அதன்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் ஆனால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதோடு கைநழுவிப் போகும். டீக்கடைக்காரர் மட்டும் இதுவரை யாரிடமும் மதம் கேட்டதில்லை.

எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பாத்திரம்தான்.

நம் ஊரில் சொம்பை வாயில் வைத்துக் குடிப்பது வழக்கமில்லை, அண்ணாந்துதான் குடிப்போம். சொந்தத் தம்பி எச்சில் என்றாலும் ஒரு முறை யோசிக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உதடு வைத்த இடத்தில் அடுத்தவர் உதடு வைக்கிறார் என்றால் அது சின்ன விஷயமா? ஆயர் வெள்ளைத் துணியால் ஓரத்தைத் துடைத்து, லேசாகத் திருப்பித் தருவார், அவ்வளவுதான். நான் முதன்முதலாகத் திருவிருந்து வாங்கிய திடப்படுத்தல் ஆராதனையன்று எனக்கு இந்தப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற அக்கா, அந்தப் பக்கம் தெற்கேயிருந்து வேலைக்காக வந்து குடியேறிய குடும்பத்து அதிகாரி. பாத்திரம் எனக்கு அடுத்துத்தான் அவருக்குப் போனது. ஓரக்கண்ணால் பார்த்தேன் (ஜெபிக்க வேண்டிய நேரம்தான், தெரியும்). அவர் தயங்காமல் குடித்தார். நானும் யாருக்கும் குறைந்தவனில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினேன்.

வாலிபர் முகாமுக்கு வருகிற பேச்சாளர்கள் ஏசாயா 43ஐத் திறந்து, நீ தேவனுடைய பார்வையில் அருமையானவன், தலைநிமிர்ந்து நட என்கிறார்கள். நல்ல வசனம், குறை சொல்லவில்லை. ஆனால் முகாம் முடிந்து திங்கட்கிழமை திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனால், "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று ஒருவர் கேட்பார். அந்த நிமிடத்தில் கைதட்டிக் கற்ற தன்னம்பிக்கை எங்கே போகிறதோ தெரியாது. கடவுள் என்னை மதிக்கிறார் என்பதைப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிற ஆள் தன் உடம்பால் ஒத்துக்கொள்ளும்போதுதான் அது எனக்குள் இறங்குகிறது. சுயமரியாதை இயக்கத்தை 1925இல் தொடங்கிய ஈரோட்டுப் பெரியார் கடவுளே இல்லை என்றார். அப்பாருவுக்கு அவர்மேல் ஏகப்பட்ட மரியாதை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார். பேரன் வயதுப் பையன்கள் வாரம் முழுக்க 'டேய்' போட்டுக் கூப்பிட்ட மனுசன் அவர்.

திருச்சபை இந்த விஷயத்தில் எப்போதும் யோக்கியமாக இருந்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்து, திருவிருந்துக்கும் முன்பின்னாகப் போனார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இந்த வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது, கோயிலையே விட்டுப் போனவர்கள் உண்டு. அதற்கும் வெகுகாலம் முன்னால், அப்போஸ்தலர் பவுல் காலத்துக் கொரிந்து சபையில் இருக்கிறவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடிதத்திலேயே கேட்டார்.

நம் சபையில் யாரும் வேண்டுமென்றே எங்களை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். குப்பித் தட்டு முன்வரிசையில் தொடங்கி இருக்கைக்கே வருகிறது, யாரும் யாரோடும் சேர்ந்து முழங்காலில் நிற்பதில்லை. சிலர் வீட்டிலிருந்து சொந்தக் கிண்ணம் கொண்டு வருகிறார்கள். சுத்தத்துக்காக என்கிறார்கள். அந்த வார்த்தையை நாங்கள் ஏற்கெனவே டீக்கடையில் கேட்டிருக்கிறோம்.

இருமல் உள்ளவர்கள், உடம்பு முடியாதவர்கள், பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் அப்பத்தை அதே பாத்திரத்தில் தோய்த்து வாங்கிக்கொள்ளட்டும். எனக்குச் சளி பிடித்திருந்தால் நானும் அப்படியே செய்வேன். பாத்திரம் ஒன்றாக இருக்க வேண்டும், எல்லாரும் ஒரே படியில் வந்து நிற்க வேண்டும். எங்களுக்கு அது போதும்.

பெரிய வியாழன் ஆராதனைக்கு முன்னால் நடக்கிற குழுக் கூட்டத்தில் இதை எடுங்கள். முடிவை ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். வேண்டாம் என்று முடிவானால் அதற்கான காரணத்தையும் சேர்த்து வாசியுங்கள், சபை முழுக்கக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்