செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஏழு முறை கூடியது. அவற்றில் ஐந்து கூட்டங்களைப் படிப்பகத்து இணையக் கம்பியே, அதாவது பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக்கு மாறிய வேலையே, விழுங்கிவிட்டது. ஆகவே குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பொங்கல் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு கம்பிக்கு வருகிறேன்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் குடியிருக்கிறோம். எந்தப் பக்கம் காற்று திரும்பினாலும் உப்புதான். பழைய பாம்பன் ரயில் பாலத்து இரும்பே 1914 முதல் இந்த உப்போடு மல்லாடி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும் நிலைக்கு வந்தது. நூல் கனத்துச் செம்புக் கம்பி எம்மாத்திரம்? கம்பத்துப் பெட்டியைத் திறந்தபோது இணைப்புகள் எல்லாம் பச்சைக் களிம்பு. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவத்துக்குச் சைவப் பெரியவர்கள் செம்பின் களிம்பை உவமை சொன்னது சும்மா இல்லை. களிம்பு ஏறிய இடத்தில் மின்சாரம் தடைபடும்; தொலைபேசியில் கரகரப்பு, கணினியில் ஓயாத சுழல் வட்டம். போதாததற்கு, செம்பில் தூரம் ஏற ஏற வேகம் சுருங்கும். தொலைபேசி இணைப்பகத்துக்குப் பக்கத்து வீட்டில் விநாடிக்கு 24 மெகாபிட் வரை தரக்கூடிய அதே முறை, நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் மூச்சு வாங்குகிறது.

கண்ணாடி இழையில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. கண்ணாடியைப் போதுமான அளவு தூய்மையாக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று 1966இல் சார்லஸ் காவ் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் ஒளி பாதியாகக் குறையவே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆகும். தெருவுக்கு வரும் ஓர் இழையை, மின்சாரமே தேவைப்படாத சின்னப் பெட்டி ஒன்று 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இடையில் களிம்பு பிடிக்கவோ எரிந்துபோகவோ பெரிதாக ஒன்றும் இல்லை. வேகத்தை எல்லாரும் சொல்கிறார்கள். நமக்கு இதுதான் பெரிய லாபம் என்பது என் கருத்து.

இரண்டாவது லாபம் இடி. ஐப்பசி இடி ஒன்றில் செம்புக் கம்பி வழியாக வந்த மின்னல் மோடத்தையும், அதோடு கோத்திருந்த கணினியையும் சேர்த்துக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில கேபிள்களில் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். அதில் மின்னல் வரலாம். உலோகமே இல்லாத கேபிள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்தப் பழியை நானே ஏற்கிறேன். மின்னிணைப்பு வழியாக இடி வருவதை எந்தக் கேபிளும் தடுக்காது. மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

"தூண்டில் தங்கூசி மாதிரி இருக்கிறதே, இழுத்தால் அறுந்துவிடாதா தம்பி?" என்று படகுக்கார அண்ணன் ஒருவர் கேட்டார். இழுவையைத் தாங்குவது உறைக்குள் இருக்கும் நார், கண்ணாடி அன்று. அதற்கு ஆகாதது மடிப்புதான். இதை நானே சோதித்துவிட்டேன். மிச்சக் கேபிளை அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். மறுகணம் இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு. சுருளைத் தளர்த்தியதும் பச்சை. பழுது பார்க்க வந்தவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

இழைக்கு மாறுவதை எதிர்த்த பெரியவர்கள் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். 1964 புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பழைய தொலைபேசிக்கு இணைப்பகமே செம்பு வழியாக 48 வோல்ட் அனுப்பியது; ஊரில் மின்சாரம் போனாலும் மணி அடித்தது. இழை வழியே மின்சாரம் வராது, வீட்டுப் பெட்டியை நாம்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவர்கள் சொல் நியாயம் என்று செயற்குழு ஏற்று, படிப்பகத்துக்கு ஒரு பேட்டரி வாங்கியது. எட்டு மணி நேரம் தாங்கும் என்றார்கள். கார்த்திகையில் ஓர் இரவு ஐந்து மணி நேரம் தாங்கியது.

மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களில் படிப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. விண்ணப்பம் பதிவேற்ற வந்த பிள்ளைகளோடு, காற்றின் வேகம் பார்க்க வந்த நாட்டுப்படகுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். நாற்காலி போதவில்லை.

கழற்றிய உள்வயரைப் பழைய இரும்புக் கடையில் போட்ட தொகை பொருளாளர் கணக்கில் இருக்கிறது. அதோடு கொஞ்சம் சேர்த்து நான்கு நாற்காலிகள் வாங்க இப்பேரவையின் அனுமதி கோருகிறேன். செம்பு என்று நினைத்து யாரோ சாலையோரக் கேபிளை ஒருமுறை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கம்பங்களில் "இதில் செம்பு இல்லை" என்று எழுத பெயின்ட் செலவுக்கும் சேர்த்து அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்